சேவுகனின் விடுவிலை

மருந்துக்கடையில் கல்லாவுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்தது. விலைக்கண் என்று அதற்குப் பெயர். சேவுகன் அதன் முன்னால் போய் நின்றதும் ஒருமுறை பச்சையாக மினுக்கி, வந்திருப்பது யார் என்று தெரிந்துகொண்டது. பிறகு பக்கத்துத் திரையில் அவன் மகள் ஆதிரையின் இன்ஹேலருக்கு விலை வந்தது.

சேவுகன் பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு யாருக்காவது வந்த விலையாக இருக்கும் என்று நினைத்தான். பின்னால் யாரும் இல்லை.

"என்னம்மா ரெஜினா, இந்த விலைக்குப் பாப்பாவுக்கு சைக்கிளே வாங்கிரலாமே. கண்ணு கெட்டுப்போச்சா?"

கடைக்காரி ரெஜினா தன் பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தாள். "கெடலண்ணே. உங்க மூஞ்சிக்கு இதுதான் விலை. போன மாசம் வரைக்கும் மருந்து எல்லாருக்கும் ஒரே விலை. இந்த மாசத்துலருந்து மருந்தையும் கண்ணுக்குக் கீழ கொண்டாந்துட்டாங்க. டிவில சொன்னாங்களே, பாக்கலையா?"

பார்க்காமல் என்ன? அந்த அறிவிப்பு விழாவில் மேடைக்குப் பின்னால் பொன்னாடைத் தட்டோடு நின்றதே சேவுகன்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. சிகரெட்டு நெறைய குடிப்பீங்களோ?"

"நானா? பிள்ளைக்கு எளப்புன்னு வீட்டுல ஊதுபத்திகூட ஏத்துறதில்லம்மா."

"இங்க விடுவிலைன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாருக்கும் அதுல ஒரு நம்பர் இருக்கும். உங்களுக்கு 'எல்லை இல்லை'ன்னு போட்டுருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எவ்வளவு ஏத்துனாலும் வாங்குற ஆளுன்னு அர்த்தம்ணே."

சேவுகனுக்கு அப்போதுதான் பெட்டிக்கடை ஞாபகத்துக்கு வந்தது.

விஷயம் இதுதான். சிகரெட்டுக்கு எல்லாருக்கும் ஒரே வரி போட்டால் ஏழையின் உலையில் அரிசி குறைகிறது, பணக்காரருக்கு உறைப்பதே இல்லை என்று சில ஆண்டுகளுக்கு முன் நலவிலை வாரியம் கண்டுபிடித்தது. ஆகவே வருமானத்துக்கு ஏற்ற வரி. பெட்டிக்கடை தோறும் ஒரு விலைக்கண். முகத்தைப் பார்த்து, சம்பளத்தைப் பார்த்து, ஆளுக்கொரு விலை சொல்லும். அதோடு நிற்காது. வாங்க வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகும். என்றைக்கு ஒருவன் "ச்சீ, வேண்டாம்" என்று கையை எடுக்கிறானோ, அன்றைய விலை அவனுடைய விடுவிலை. சமூகநீதி, சுகாதாரம், கஜானா மூன்றும் ஒரே சோபாவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட திட்டம் அது. எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் வாய் வரவில்லை.

திட்டம் வந்த மறுநாளே மதுரையில் அதிகாரிகள் எல்லாரும் புகைப்பதை விட்டார்கள். அதே நாளில் அவர்களுடைய உதவியாளர்கள் எல்லாரும் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

கணக்கு எளிது. அதிகாரிக்கு ஒரு சிகரெட் ஒரு பிரியாணி விலை. உதவியாளருக்கு ஒரு டீ விலை. காசைக் கையில் கொடுத்து "போய் வாங்கிட்டு வா" என்றால் முடிந்தது. வாரியத்தின் மண்டல ஆலோசகர் முனைவர் சௌந்தரபாண்டியனும் அப்படித்தான் விட்டார். விட்டதைப் படம் பிடிக்கப் பத்திரிகைகள் வந்தன. அவருடைய உதவியாளன் சேவுகன் தினமும் எதிர்முக்குப் பெட்டிக்கடைக்குப் போய்க் கண்ணைப் பார்த்தான். அது விலையை ஏற்றியது. சேவுகன் "சரி" என்றான். மேலும் ஏற்றியது. அவன் காசா அது? "சரி" என்றான். கொத்தனாரை, டிரைவரை, வாத்தியாரை எல்லாம் ஒரு கட்டத்தில் கையெடுக்க வைத்த கண், இந்த ஒல்லி மனிதனிடம் தோற்றுப்போனது. தோல்வியைக் குறித்தும் வைத்துக்கொண்டது.

வசதி படைத்தோர் வரி உயர்ந்த உடனே புகையைக் கைவிடுகின்றனர், ஏழைகள் எந்த விலைக்கும் விடுவதில்லை என்று முனைவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். விருது கிடைத்தது. அந்தக் கட்டுரையை எழுதி முடிக்கிறவரை அவருக்குத் தேவைப்பட்ட சிகரெட்டுகளை வாங்கி வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேவுகன் மருந்தில்லாமல் நேராக கே.கே. நகர் அலுவலகத்துக்குப் போனான். முனைவர் சன்னலைத் திறந்துவைத்து, வெளியே தலையை நீட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள் புகைத்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த மணியையும் அவர்தான் பரிந்துரைத்திருந்தார்.

"சார், ஒரு உதவி. நான் வாங்குனதெல்லாம் உங்களுக்குத்தான்னு வாரியத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க. எம் பிள்ளைக்கு மருந்து எட்டாத விலைக்குப் போயிருச்சு."

முனைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "சேவுகா, நீ என்ன கேக்கிறேன்னு புரிஞ்சுதான் கேக்கிறியா? நான் தனிமனுஷன் இல்லப்பா. முன்மாதிரி. பாடப்புத்தகத்துல என் படம் இருக்கு. நான் குடிக்கிறேன்னு தெரிஞ்சா எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க மனசு என்னாகும்?"

"எம் பொண்ணு நாலாங்கிளாஸ் சார்."

முன்மாதிரிக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். சேவுகன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"பயப்படாதே. உனக்கு ஒரு வழி சொல்றேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னையே பாரு. என் பிரஷர் மாத்திரை எனக்குக் கிட்டத்தட்ட ஓசி. எதனால? நான் முதல் உயர்வுலயே விட்டவன். ஏத்துனா எழுந்து போயிடுவேன்னு கண்ணுக்குத் தெரியும். போகாதவன்கிட்டதான் அது ஏத்தும். நீயும் மறு. கண்ணுக்கு முன்னாடி நின்னு வேண்டாம்னு சொல்லு. குறைக்கும். மறுபடி வேண்டாம்னு சொல்லு. இன்னும் குறைக்கும்."

"அவ்வளவுதானா சார்?"

"நடிக்கக் கூடாது. முகத்துல ஓடுற ரத்தத்த அது பாக்குது. நாடி துடிக்கிறது அதுக்குத் தெரியும். நெஜமாவே வேண்டாம்னு நினைக்கணும்."

"எம் பிள்ளை மூச்ச, சார். நெஜமாவே வேண்டாம்னு எப்படி நினைக்கிறது?"

முனைவருக்கு அது சுவாரஸ்யமான கேள்வியாகப் பட்டது. மேசையில் இருந்த உரையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த விரிவாக்கத்துக்கான உரை அது. "மருந்து முடிஞ்சது. அடுத்தது அவசர ஊர்தி. வண்டி கம்மி, கூப்பிடுறவங்க ஜாஸ்தி. விடாப்பிடியா விரும்புறவங்களுக்கு முதல்ல அனுப்பு, விட்டுடக்கூடியவங்க காத்திருக்கட்டும். எவ்வளவு நியாயம் பார்த்தியா? அடுத்த வாரம் அமல். சரி, அந்தப் பெட்டி காலி. போறப்ப ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போ."

சேவுகன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். பழக்கம் அப்படி.

வழியிலேயே மனைவி பாண்டீஸ்வரியின் போன் வந்தது. "ஏங்க, எங்க இருக்கீங்க? பிள்ளைக்கு நெஞ்சுக்கூடு உள்ள போய் உள்ள போய் வருது. பழைய பம்பு காலி. அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், வெறும் காத்துதான் வருது." பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கதவிடுக்கில் காற்று புகுவது மாதிரி மெல்லிய விசில். அது ஆதிரை.

மருந்துக்கடைக்குள் அவன் ஓடி நுழைந்தபோது, மெல்லிய தங்கச் சட்டக் கண்ணாடி போட்ட ஒருவர் அதே இன்ஹேலரை வாங்கி, மிச்சச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். சேவுகன் குமிழின் முன்னால் நின்றான். காலையில் வந்த விலைக்கு மேலே இப்போது வந்தது.

"ஏம்மா, ஏறியிருக்கே!"

"ஓடி வந்துருக்கீங்கல்ல. மூஞ்சி பூரா பயம்ணே. அது பாத்துருச்சு."

"வேண்டாம்," என்றான் சேவுகன் குமிழிடம். குரல் நடுங்கியது. விலை ஏறியது.

"வேண்டாங்கிறேன்ல!" என்று கத்தினான். மறுபடியும் ஏறியது.

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கண் ஒப்புக்கொள்ளாமல் மருந்து அலமாரியின் கதவு திறக்காது. "அண்ணே, வேற ஏதாவது நெனைங்க. பிள்ளைய நெனைக்காதீங்க. கோயில், குளம், ஏதாவது."

அவன் மீனாட்சியை நினைத்தான். அவளிடம் கேட்பதற்கு அவனுக்கு ஒன்றுதான் இருந்தது. விலை ஏறியது. செத்துப்போன அப்பாவை நினைத்தான். அவரும் மூச்சு முட்டித்தான் போனார். ஏறியது. குமிழுக்குள் தன் முகம் சின்னதாக, மீன் முகம் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தான். அந்தப் பயத்தையும் அது பார்த்துக்கொண்டது. பயப்படக் கூடாது என்கிற பயத்துக்கும் தனியாக ஏற்றியது.

அந்த நேரத்தில்தான், ஏனென்று தெரியாமல், முனைவரின் உரை நினைவுக்கு வந்தது.

ஊர் ஊராகப் பொன்னாடைத் தட்டோடு நின்று அவன் அதைக் கேட்டிருந்தான். மனப்பாடம். அந்த உரையைக் கேட்டு யாருக்கும் ஒருமுறைகூட இதயம் வேகமாக அடித்ததில்லை. கலெக்டரே கண் திறந்தபடி தூங்கியதைச் சேவுகன் பார்த்திருக்கிறான். கண்ணை மூடாமல் உள்ளுக்குள் ஆரம்பித்தான். 'மதிப்பிற்குரிய மேடையே, மேடைக்கு மதிப்பளிக்க வந்திருக்கும் சான்றோர்களே, மானுடத்தின் மூச்சுக்காற்றைத் தூய்மைப்படுத்தும் இம்மாபெரும் வேள்வியில் ஒரு சிறு சுள்ளியாக...'

சுள்ளியைத் தாண்டும்போது தோள் தளர்ந்தது. 'வரலாற்றின் பக்கங்களைச் சற்றே பின்னோக்கிப் புரட்டுவோமேயானால்' என்கிற இடத்தில் வழக்கமாக வரும் கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தாமலே கொட்டாவி விட்டான். விசில் சத்தம் எங்கோ தூரத்தில் போயிற்று. மகள், மருந்து, கடை எதுவும் இல்லை. நாற்காலிகளும் மின்விசிறியும் முடிவில்லாத ஒரு வாக்கியமும் மட்டும்.

"வேண்டாம்," என்றான்.

விலை இறங்கியது.

"வேண்டாம்மா," என்றான், காய்கறிக்காரியிடம் சொல்வது மாதிரி. இறங்கியது. திரும்பி வாசல்வரை நடந்தான். மனதுக்குள் நன்றியுரை வரைக்கும் போனான். ரெஜினா அலறினாள்: "அண்ணே, போதும்! வாங்க! சும்மா குடுக்குற மாதிரி குடுக்குதுண்ணே!"

வீட்டில் ஆதிரை புது மருந்தை மூன்று முறை உறிஞ்சிய பிறகு, அந்த விசில் நின்றது. அம்மாவின் மடியில் சாய்ந்து, உதடு மறுபடி சிவப்பாகி, "அப்பா, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். சேவுகனின் போனில் வாரியத்திலிருந்து செய்தி வந்திருந்தது. 'வாழ்த்துகள். தங்கள் வகை மாற்றப்பட்டது. பழைய வகை: எல்லை இல்லாதவர். புதிய வகை: விட்டுவிடக்கூடியவர்.'

அவன் கடையில் நடந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். பாண்டீஸ்வரியும் கொட்டாவி இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகளின் முதுகைத் தடவினாள்.

"அந்தக் கண்ணு பொய்ய ஒத்துக்காதுன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"அப்ப அந்த நேரத்துல நெசமாவே வேண்டாம்னு நெனச்சீங்களா?"

அது சேவுகனுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்தக் குமிழ்தான்.

அடுத்த வாரம், அவசர ஊர்தித் திட்டம் அமலுக்கு வந்து இரண்டாம் நாள், முனைவர் பாராட்டு விழாவுக்காக அறையில் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'வரலாற்றின் பக்கங்களை' என்றவர் பக்கத்தைப் புரட்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

சேவுகன் அவருடைய போனை எடுத்து, அவர் விரலையே வைத்து அவசர ஊர்தியைக் கூப்பிட்டான். தேன் தடவிய பெண் குரல் வந்தது.

"வணக்கம், முனைவர் சௌந்தரபாண்டியன் அவர்களே. தாங்கள் முதல் உயர்விலேயே விட்டுவிட்ட முன்மாதிரிக் குடிமகன். தங்கள் வகை: விட்டுவிடக்கூடியவர். விடாப்பிடியாக விரும்பும் நோயாளிகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வரிசையில் காத்திருக்கவும்."

"சேவுகா," என்றார் முனைவர் தரையிலிருந்து. கையால் அவன் சட்டையை எட்டிப் பிடித்தார். "உன் பேர்ல... உன் பேர்ல கூப்பிடுடா. உனக்கு எல்லை இல்லைல்ல? உடனே வரும். உன் பேர்ல வாங்கு."

எத்தனையோ முறை கேட்ட அதே வார்த்தைகள். சேவுகனின் கை, பழக்கத்தில், தன் போனை எடுத்துக் கூப்பிட்டும்விட்டது.

"வணக்கம், சேவுகன் அவர்களே," என்றது அதே குரல், அதே தேன். "தங்கள் குடும்பத்தின் வகை: விட்டுவிடக்கூடியவர். தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. வரிசையில் காத்திருக்கவும்."

முனைவர் ஏதோ சொன்னார். சேவுகன் காதில் அது விழவில்லை. அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. குடும்பத்தின். கதவிடுக்கில் காற்று புகும் அந்த விசில் எங்கிருந்தோ கேட்கிற மாதிரி இருந்தது. இன்ஹேலருக்கு அடங்காத இளைப்பு போன மழைக்காலத்தில் ஒருமுறை வந்தது. அன்றைக்கு வண்டி உடனே வந்தது; அப்படியும் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர், "கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, பாண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மழைக்காலம் மறுபடி வரப்போகிறது.

முனைவரைக் காவலாளியும் அவனுமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். சேவுகன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஆக்ஸிஜன் முகமூடியுடன் படுத்திருந்த முனைவர் கையை அசைத்து ஏதோ சைகை காட்டினார். தண்ணீர் கேட்கிறாரா, சிகரெட் கேட்கிறாரா என்று தெரியவில்லை. சேவுகன் நின்று கேட்கவில்லை.

அவன் அலுவலகத்துக்கு எதிர்முக்குப் பெட்டிக்கடைக்குத் திரும்பிப் போனான். கடைக்காரர் மச்சக்காளை அவனைப் பார்த்ததும், கேட்காமலே வழக்கமான பெட்டியை எடுத்து, உடனே நிறுத்தினார்.

"என்ன மாப்ளே, உங்க சார ஆட்டோவுல அள்ளிப் போட்டுப் போனீங்களாம், ஆட்டோ ஸ்டாண்டு பூரா அதான் பேச்சு. இப்ப யாருக்கு சிகரெட்டு? படுக்கையிலயும் கேக்குறாரா?"

"அவருக்கு இல்லண்ணே."

"அப்ப நீ ஆரம்பிச்சிட்டியா? இந்த வயசுலயா?"

"பாப்பாவுக்குண்ணே."

மச்சக்காளை சிரிக்க வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

சேவுகன் விலைக்கண்ணுக்கு நேராக நின்றான். இந்தமுறை உரை எதையும் நினைக்கவில்லை. மகளை நினைத்தான். உள்ளே போய் உள்ளே போய் வரும் நெஞ்சுக்கூட்டை, நீலம் பாரித்த உதட்டை, வராத வண்டியை நினைத்தான். கன்னம் துடித்தது. பயம் முகம் முழுக்க ஏறட்டும் என்று விட்டான். குமிழ் பச்சையாக மினுக்கி, நன்றாகப் பார்த்துக்கொண்டது.

விலை வந்தது. இந்தமுறை அது அவன் சொந்தக் காசு.

"சரி," என்றான்.

வாங்கிய சிகரெட்டை அங்கேயே கீழே போட்டுச் செருப்பால் நசுக்கினான். மறுபடி குமிழைப் பார்த்தான்.

"இன்னொண்ணு குடுங்கண்ணே."

விலை ஏறியது.

"சரி."